அன்பர் தொடர்புத் துறை

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் உன்னதமானது எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். இரண்டும் தவறு. நெருப்பை நாம் போய் மூட்ட வேண்டும். சக்கரத்தை நாம் போய் உருட்ட வேண்டும். நாம் விரலைக்கூட அசைக்காமல், கேட்காமல், நினைக்காமல், கண் விழித்துப் பார்த்தால் தானாக வந்து வாசலில் நிற்கிற ஒரே பொருள், வேண்டாத மின்னஞ்சல். முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளலை இன்றைக்கும் புகழ்கிறோம். அந்த முல்லை, 'ஐயா, எனக்கொரு தேர் தேவை' என்று விண்ணப்பம் போட்டதா? இல்லை. கேட்காததைக் கொடுப்பதுதான் கொடை. அந்த வள்ளலாவது ஒரே ஒரு கொடியோடு நிறுத்திக்கொண்டார். நாங்கள் எல்லாக் கொடிகளுக்கும் கொடுத்தோம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

'நாங்கள்' என்று நான் பணிவோடு குறிப்பிடுவது ஒரு மெத்தைக் கம்பெனியின் அன்பர் தொடர்புத் துறையை. அதன் தலைவர் அடியேன். எங்களிடம் 'வாடிக்கையாளர்' கிடையாது, 'அன்பர்'தான். 'விளம்பரம்' கிடையாது, 'மடல்'தான். துறையில் என்னைத் தவிர இன்னொருவர் உண்டு. மடல்களை அனுப்பும் கணினியைக் கட்டி மேய்க்கிற பெண். பொறியியல் படித்தவர், வாயை அதிகம் திறக்காதவர், திறந்தால் மூடுவதற்குள் யாராவது ஒருவர் காயப்பட்டிருப்பார். எல்லோரும் அவரை 'சர்வரம்மா' என்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரிடம் டீ கேட்டுவிட்டு அவஸ்தைப்படுவது வழக்கம்.

ஒரு நாள் முதலாளி தம் கைப்பேசியைச் செத்த எலியை வாலில் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார்.

"என் சொந்த மச்சினனுக்கு நாம அனுப்பின மடல் எங்க போய் விழுந்திருக்கு தெரியுமா?"

"எங்க சார்?"

"ஸ்பேம்ல! அவன் அதை எனக்கே படம் பிடிச்சு அனுப்பியிருக்கான். சிரிக்கிற பொம்மை வேற போட்டிருக்கான்."

உடனே கூட்டம் கூட்டப்பட்டது. பொருள்: மேற்படிச் சொல்லின் பொருளும் பூர்வீகமும். முதலாளி தலைமை வகித்தார். நான் குறிப்பெடுத்தேன். எதிரியை அடிப்பதற்கு முன் அவன் குலம் கோத்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்பது முதலாளியின் கொள்கை.

"முதல்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுங்க."

"அது டின்ல அடைச்சு விக்கிற இறைச்சியோட பேரு சார்," என்றார் சர்வரம்மா.

முதலாளி மேஜை மேலிருந்த எங்கள் விலைப்பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

"நாம விக்கிறது மெத்தை," என்றார் முதலாளி.

"தெரியும் சார்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நம்ம மெத்தைக்குள்ள என்ன இருக்கு?"

"பஞ்சும் ரப்பரும் சார்."

"இறைச்சி?"

"கிடையாது சார்."

"எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். சர்வரம்மா தொடர்ந்தார். "டிவியில வந்த ஒரு பழைய காமெடி சார். ஒரு புருஷனும் பொண்டாட்டியும் சாப்பிடப் போறாங்க. எதைக் கேட்டாலும் அதுகூட இந்த டின் இறைச்சியும் சேர்ந்து வருது. அந்தம்மா எனக்கு வேண்டாம், வேண்டாம்னு சொல்லிப் பார்க்கறாங்க. பக்கத்து மேஜையில ஒரு கூட்டம் அந்தப் பேரையே பாட்டாப் பாடி யாரையும் பேச விடாமப் பண்ணிடுது. அப்புறமா, கம்ப்யூட்டர்ல ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்பப் போட்டு மத்தவங்க பேச்சை அமுக்கறவங்களுக்கு இந்தப் பேரை வெச்சுட்டாங்க."

"அந்தக் கடையில பரிமாறினது யாரு?"

"சர்வர்தான் சார்."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். "நான் இல்ல," என்றார் அவர்.

"சரி, முதமுதல்ல இப்படிக் கேக்காம அனுப்பினது யாரு?"

"கம்ப்யூட்டர் விக்கிற ஒருத்தர் சார். அந்தப் பேரே அப்ப கிடையாது. வலையில இருந்ததே கொஞ்சம் பேருதான். அதுல நூத்துக்கணக்கான பேருக்கு ஒரே சமயத்துல விளம்பரம் அனுப்பிட்டார்."

"ஜனங்க என்ன சொன்னாங்க?"

"பயங்கரமாத் திட்டினாங்க. ஆனா வியாபாரம் நல்லா நடந்துச்சுன்னு அவரே சொல்லியிருக்கார்."

முதலாளியின் முகத்தில் ஞான ஒளி படர்ந்தது. "குறிப்புல 'ஆனா'வுக்கு முன்னாடி இருக்கறதை அடிச்சிடுங்க," என்றார். அடித்தேன்.

அன்றே இரண்டு முடிவுகள் நிறைவேறின. ஒன்று, அலுவலகத்தில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது; தவிர்க்க முடியாத இடங்களில் 'அந்த இறைச்சி' என்று சொல்லலாம். இரண்டாவது முடிவுக்குக் காரணம் சர்வரம்மா. "பேரை மாத்தினா மடலைத் தரம் பிரிக்கற மெஷின் ஏமாறாது சார். நம்ம மடலை யாரும் திறக்காமலே அழிக்கறாங்க. அதைப் பார்த்துத்தான் இது குப்பைன்னு அது தெரிஞ்சுக்குது. நாலு பேர் பிரியமாத் திறந்து படிச்சா உள்ள விட்டுடும்."

"பிரியமாவா?" என்று முதலாளி யோசித்தார். பிறகு என்னைக் கை காட்டினார். "அது உங்க டிபார்ட்மென்ட்."

இங்கேதான் அடியேனின் பங்களிப்பு. சுய புராணம் பாடுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் வரலாறு மன்னிக்காது என்பதால் சொல்கிறேன். மெத்தையைப் பற்றி எழுதினால் யார் திறப்பார்கள்? மெத்தையை நினைத்து ஏங்குகிறவர் யாரும் இல்லை. மனிதர்கள் மனிதர்களுக்காகத்தான் ஏங்குகிறார்கள். ஆகவே மெத்தை என்ற சொல்லே வராத மெத்தை மடல்களை நான் படைத்தேன். 'எப்படி இருக்கீங்க?' என்று ஒரு தலைப்பு. 'பார்த்து ரொம்ப நாளாச்சு' என்று ஒன்று. 'உங்க ஞாபகம் வந்தது' என்று ஒன்று. உள்ளே நாலு வரி நலம் விசாரிப்பு. 'உடம்பைப் பார்த்துக்கோங்க, நல்லாத் தூங்கறீங்களா?' என்று ஒரு கரிசனம். கீழே, உங்கள் பழைய நண்பன்.

"மெத்தை எப்ப சார் வரும்?" என்று சர்வரம்மா கேட்டார்.

"முதல்ல மனசுல இடம் பிடிப்போம். அப்புறம் கட்டில்ல," என்றார் முதலாளி. அவருக்கும் கவிதை வரும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

பிரியமாகத் திறக்கிற நாலு பேர் வேண்டுமே? ஊழியர்கள் ஒவ்வொருவரும் தத்தம் சொந்தபந்தங்களின் முகவரிகளைத் தானமாகத் தர வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. துறைத் தலைவர் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? சித்தப்பா, சின்ன மாமனார், பள்ளியில் கூடப் படித்தவர்கள், பல் டாக்டர் என்று வாரி வழங்கினேன். அத்தானின் முகவரியையும் கொடுத்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் மேலே இருந்து குனிந்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்," என்று சொல்லியே பெயர் வாங்கியவர். அவருடைய முகவரியைக் கொடுத்ததில் ஒரு தொலைநோக்கு இருந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். இறந்தவர்கள் புகார் செய்வதில்லை. 'இனி அனுப்பாதீர்கள்' என்று பொத்தானை அழுத்துவதில்லை. அவர்களைப்போல் பண்பட்ட அன்பர்கள் உயிரோடிருப்பவர்களில் கிடைப்பது அரிது.

மடல்கள் புறப்பட்டன. அதிசயம் நிகழ்ந்தது. ஜனங்கள் திறந்தார்கள்! பழைய நண்பன் யார் என்று மண்டையைக் குடைந்துகொண்டு திறந்தார்கள். சிலர் பதிலும் எழுதினார்கள். பதில் எழுதுகிறவர்களை உதாசீனம் செய்வது நாகரிகமல்லவே! அதற்கும் ஒரு தானியங்கிப் பதில் எழுதி வைத்தேன். 'உங்கள் செய்தி கண்டு மகிழ்ந்தேன். இதுபோல் அடிக்கடி எழுதுங்கள்.' யார் என்ன எழுதினாலும் பொருந்துகிற மாதிரி எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஒரு மாலை சர்வரம்மா தம் திரையை என் பக்கம் திருப்பினார்.

"சார், இந்த ஒரு முகவரியைப் பாருங்க. போன உடனே திறக்குது. ஒண்ணு விடாம திறக்குது. சிலதை ரெண்டு மூணு தடவை திறந்திருக்கு."

பார்த்தேன். அத்தான்.

முதலாளிக்குத் தகவல் போனது. பறந்து வந்தார். "யாரு இந்த மகான்?"

"எங்க அத்தான் சார். ஆனா அவர் இப்ப இல்ல."

"இல்லைன்னா? ஊர் மாத்திட்டாரா?"

"உலகத்தையே மாத்திட்டார் சார்."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கின. "செத்தவரே எழுந்து வந்து படிக்கற அளவுக்கு எழுதியிருக்கீங்களே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைத்தான் உச்சம் என்பேன்.

"அவர் போனை யாரோ வெச்சிருக்காங்க சார்," என்றார் சர்வரம்மா. "அக்காவா இருக்கும். ஒரு போன் பண்ணிக் கேளுங்களேன்."

நல்ல யோசனைதான். ஆனால் அந்த வாரம் எனக்கு மூச்சு விட நேரமில்லை. சிறந்த அன்பர்களை நேரில் அழைத்துக் கௌரவிக்கும் விழாவுக்கு முதலாளி உத்தரவிட்டிருந்தார். அழைப்பு மடலை நான்தான் எழுத வேண்டியிருந்தது. 'எத்தனை நாள் எழுத்திலேயே பேசுவது? நேரில் பார்க்க ஆசை. அவசியம் வரவும். உங்கள் பழைய நண்பன்.' அத்தானுக்கும் அது போயிற்று. "வந்தா அதிசயம். வராட்டி ஒரு மெத்தை மிச்சம்," என்றார் முதலாளி.

விழா எங்கள் விற்பனைக் கூடத்தில் நடந்தது. மேடையில் நாற்காலிக்குப் பதில் மெத்தைகள் போட்டிருந்தோம். உட்கார்ந்த பிரமுகர்கள் மெல்ல மெல்ல உள்ளே இறங்க, பேசும் நேரம் வந்தபோது முழங்கால்களுக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது. வந்திருந்த அன்பர்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்து, "நீங்கதானா அந்தப் பழைய நண்பர்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி மைக்கில் அத்தானின் பெயரை முழங்கினார். நான் கைதட்டத் தயாரானேன்.

கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்து வந்தாள்.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அக்காவுக்கு. வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்போலும். அடையாள அட்டைகூடக் கழற்றவில்லை. தோளில் கைப்பை. கையில் அத்தானின் பழைய கைப்பேசி. நான் மெத்தைக்குள் அமிழ்ந்திருந்ததால் அவள் கண்ணில் படவில்லை. நான் எந்தக் கம்பெனியில் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவும் எனக்கு நேரம் வாய்த்ததில்லை. அவள் நேரே முதலாளியிடம் போனாள்.

"அவரால வர முடியாதுங்க. நான் அவரோட சம்சாரம். இதை எழுதினவரைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஆஹா! எதுக்கும்மா?"

"நேர்ல சொல்லிடலாம்னுதான். அவருக்கு விஷயம் தெரியல பாவம். 'பார்த்து ரொம்ப நாளாச்சு, நல்லாத் தூங்கறீங்களா'ன்னு எழுதிக்கிட்டே இருக்கார். இவருக்கு அப்படி யாரு சிநேகிதர்னு எனக்கும் பிடிபடல. லிஃப்டுல மாட்டினப்ப இவர் காப்பாத்தின யாராவது இருக்கும்னு நெனச்சேன். அவர் தவறிட்டாருன்னு நானே பதில் போட்டேன். 'உங்கள் செய்தி கண்டு மகிழ்ந்தேன்'னு வந்துச்சு."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"சரி, வயசானவரா இருக்கும், கண்ணு சரியாத் தெரியாதோ என்னவோன்னு மறுபடி விவரமா எழுதினேன். எந்த ஆஸ்பத்திரி, எப்படிக் கஷ்டப்பட்டார், எல்லாம். 'இதுபோல் அடிக்கடி எழுதுங்கள்'னு வந்துச்சு. சரின்னு எழுதினேன். அவர் போனதுக்கப்புறம் அவரைப் பத்தி எங்கிட்ட விசாரிச்சது அந்த ஒருத்தர்தாங்க. யாருங்க அவர்?"

முதலாளி பெருமிதத்தோடு என்னைச் சுட்டினார். இரண்டு ஊழியர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை மெத்தையிலிருந்து வெளியே இழுத்தார்கள்.

அக்கா பார்த்தாள். ரத்தம் எடுக்கும் முன் நரம்பைத் தேடுவதுபோல் நிதானமாகப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன.

"நீயாடா?" என்றாள். அவ்வளவுதான்.

"அக்கா, இது தனிப்பட்ட விஷயமில்ல. எல்லாருக்கும் போறதுதான்," என்று ஆறுதல் சொன்னேன்.

நிலைமையைச் சமாளிக்க முதலாளி பரிசை வழங்கினார். இருவர் தாராளமாகப் படுக்கக்கூடிய மெத்தை. அக்கா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அவர் பேரை எடுத்துடுங்க. இனிமே எதுவும் வரவேண்டாம்," என்றாள்.

"தாராளமா. ஆனா விதிப்படி அன்பர் தானே வந்து கேட்டுக்கணும்," என்றார் முதலாளி.

சர்வரம்மா எழுந்து வந்தார். அக்காவிடமிருந்து கைப்பேசியை வாங்கினார். மடலின் அடியில், கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்தில் நான் ஒளித்து வைத்திருந்த 'விலக' என்ற சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அக்கா அழுத்தினாள். 'எங்களை விட்டுப் பிரியக் காரணம் என்ன?' என்று கேட்டது. மூன்று காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'மெத்தை வாங்கிவிட்டேன்.' 'நேரமில்லை.' 'தெரியாமல் கை பட்டுவிட்டது.' மூன்றும் அடியேன் இயற்றியவை.

அக்கா மூன்றையும் வாய்விட்டுப் படித்தாள். பிறகு 'நேரமில்லை' என்பதைத் தொட்டாள். "அவருக்கு அதுதான் இல்லாமப் போச்சு," என்று சர்வரம்மாவிடம் சொன்னாள். சர்வரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணினிகளோடேயே புழங்குகிற அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தது அன்றுதான்.

கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு அக்கா புறப்பட்டாள். துறைத் தலைவர் என்ற முறையில் வாசல் வரை உடன் சென்றேன். முதலாளியும் மரியாதைக்காகப் பின்னாலேயே வந்தார். படியில் அக்கா நின்றாள்.

"அந்தப் பொண்ணு இப்ப சொல்லிச்சு. இப்படிக் கேக்காமலே வந்து குவியறதுக்கு ஏதோ ஒரு பேரு இருக்காமே?"

"ஆபீஸ்ல அதைச் சொல்லக்கூடாதுக்கா."

"அவர் படுத்திருந்தப்ப உனக்கு எத்தனை தடவை போன் பண்ணியிருப்பேன்? 'ஒரு எட்டு வந்துட்டுப் போடா, உன்னைத்தான் கேக்கறார்'னு. 'மும்முரமா இருக்கேன்க்கா, இதோ வரேன்'னு சொன்னே. அவரும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தார்." அவள் குரல் உயரவில்லை. "கேக்காம வந்தா அதுக்கு ஒரு பேரு வெச்சிருக்கீங்க. சரி. கேட்டும் வராததுக்கு என்னடா பேரு?"

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள். வந்த பேருந்தில் ஏறினாள். நான் கையசைத்தேன். அவள் மறுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்ன என்று நான் யோசிப்பதற்குள் முதலாளி என் தோளை இறுகப் பற்றினார். அவர் உடம்பு சிலிர்த்திருந்தது.

"கேட்டீங்களா? கேட்டீங்களா அதை! எப்படிப்பட்ட தலைப்பு! இதைப் பார்த்துட்டு எவனாவது திறக்காம இருப்பானா?"

"சார், அது எங்க அக்கா..."

"அதனாலதான் சொல்றேன். பழைய நண்பன் எல்லாம் போதும். குடும்பத்துல பிறந்த வாசகம். இந்த ஒரு மடல் உங்க சொந்தப் பேர்லயே போகட்டும். உங்களுக்குக் கம்பெனி செய்யற மரியாதை."

இப்படியொரு கௌரவம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது. அன்றே மடலை எழுதினேன். சர்வரம்மா அதை வாங்கிக் கணினியில் ஏற்றினார். "அக்காவுக்கு அனுப்பலையா சார்?" என்று மட்டும் கேட்டார். அவள் பட்டியலில் இல்லை என்றேன்.

மறுநாள் காலை மடல் புறப்பட்டது. எங்கள் கம்பெனி வரலாற்றிலேயே மிக அதிகம் பேர் திறந்த மடல் அதுதான் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஊழியர் என்ற முறையில் எனக்கும் ஒன்று வந்தது. இந்த முறை அது குப்பைக்குப் போகவில்லை. என் அஞ்சல்பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில், ஒரே வரியில் நின்றது. திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைப்பு: 'கேட்டும் வராததற்கு என்ன பெயர்?'

பக்கத்தில், அனுப்புநர் என்ற இடத்தில், என் பெயர்.